பெரிய பிரிண்டுக்கு முன் ஒரு துண்டு
ஓவியத்தையோ புகைப்படத்தையோ ஆர்ட் பிரிண்டாக எடுப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை: "திரையில பளிச்சுன்னு இருந்துச்சு, தாள்ல இருண்டு போச்சு." பெரும்பாலும் பிரிண்டர் மீது குற்றமில்லை. திரை தானே ஒளி விடுகிறது. தாள் தன்மேல் விழும் ஒளியைத்தான் திருப்பித் தருகிறது. திரையின் வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாவுக்குள் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இறக்கிவிட்டு நிறம் திருத்துங்கள்.

அப்புறம், முழு அளவில் அடிக்கும் முன், படத்தின் மிக இருண்ட மூலையும் முகத்தோல் போன்ற மென்நிறமும் உள்ள துண்டுகளை மட்டும் அதே தாளில், அதே மையில் அடித்துத் தரச் சொல்லுங்கள். முழுப்படத்தைச் சுருக்கி அடித்தால் நுணுக்கம் தெரியாது. உண்மையான அளவில் வெட்டிய துண்டுதான் வேண்டும். கைக்கு வந்ததும் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். மை உலர உலர நிறம் சற்று மாறலாம். ஓர் இரவு விட்டு, படம் தொங்கப்போகிற சுவரின் வெளிச்சத்திலேயே பாருங்கள்.

பிரிண்ட் அடித்துத் தருபவரிடம் அந்தத் தாளுக்கான ஐசிசி ப்ரொஃபைலையும் கேளுங்கள்; அந்தப் பிரிண்டரில், அந்தத் தாளில் நிறம் எப்படி வரும் என்று கணினிக்குச் சொல்லும் கோப்பு அது. தொழில் தெரிந்தவர் சந்தோஷமாகத் தருவார். முகம் சுளித்தால் வேறு ஆளைப் பார்க்கலாம். ஒன்று, பருத்தி மேட் (பளபளப்பில்லாத) தாளில் கருப்பு, பளபளப்புத் தாளில் வருகிற அளவுக்கு ஆழமாக வராது. அதற்காக அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.