தேயிலைப் பொட்டலத்தில் வட்டாரப் பெயரைப் பாருங்கள்

இலங்கைத் தேயிலை வாங்கும்போது, அது எந்த வட்டாரத்தில் விளைந்தது என்பதை முதலில் கவனியுங்கள். நிலத்தின் உயரமும் அங்கு வீசும் காற்றும் சுவையைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் குளிரால் கொழுந்து மெல்ல வளர்வதால், சாயம் வெளிறியும் மணம் நுட்பமாகவும் இருக்கும். பால் ஊற்றினால் அந்த மணம் அமுங்கிவிடும் என்பதால், அதை வெறுந்தேநீராகவே அருந்துவது நல்லது. வெப்பமும் ஈரமும் மிகுந்த ருகுணைத் தாழ்நிலத் தேயிலை கடும் நிறமும் திடமும் தருவதால், பால் தேநீருக்கு ஏற்றது.

ஊவாவின் சிறப்பு தனியானது. தென்மேற்குப் பருவமழை மத்திய மலைகளின் மேற்குச் சரிவிலேயே பெரும்பாலும் பெய்து தீர்ந்துவிட, ஜூலை முதல் செப்டம்பர் வரை கிழக்குச் சரிவில் இறங்கும் வறண்ட கச்சான் காற்று செடிகளை வாட்டுகிறது. அந்த வாட்டத்தில்தான் இலையில் புதினாவை நினைவூட்டும் குளிர்ந்த மணம் திரள்கிறது. மேற்குச் சரிவிலுள்ள திம்புலவுக்கோ ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட, குளிர்ந்த மாதங்களே சிறந்தவை. ஆகவே பறித்த மாதம் குறிக்கப்பட்டிருந்தால் அதையும் பார்த்து வாங்குங்கள். ஆகஸ்டில் பறித்த ஊவாத் தேயிலைக்குச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பது தகும் என்பதே என் கருத்து.