நாலு பேரு என்ன சொல்லுவாவங்கிற பயத்த விடணும்னா என்ன செய்யணும்

மொதல்ல ஒரு பேப்பர எடுத்து அந்த நாலு பேரு யாருன்னு பேரோட எழுதுங்க. "ஊரே பேசும்"னு எழுதுனா செல்லாது, ஆளு பேரு வேணும். எதுத்த வீட்டு ஆச்சி, சின்ன மாமா, கூடப் படிச்ச ஒருத்தன்... அதுக்கு மேல பேனா நகராது பாருங்க. பொறவு ஒவ்வொரு பேருக்கு நேராவும், நாளைக்கு நாம திருநெல்வேலி ஐகிரவுண்டு ஆஸ்பத்திரில படுத்துக் கெடந்தா இந்த ஆளு ராத்திரி வந்து உக்காருமான்னு யோசிச்சு டிக்கோ இன்ட்டோ போடுங்க. டிக் வாங்குனவங்க திட்டுனாலும் காது குடுத்துக் கேளுங்க, யாரு பேச்சையும் கேக்க மாட்டேன்னு திரியுறதும் கிறுக்குத்தனந்தான். இன்ட்டு வாங்குனது சவம் போட்டும்.

எல்லாரும் நம்மளையே பாக்காவன்னு ஒரு நெனப்பு இருக்கும்லா, அதுல பாதி பொய்யி. அமெரிக்காவுல கார்னெல் யுனிவர்சிட்டி தாமஸ் கிலோவிச்சும் கூட இருந்தவங்களும் 2000-ல ஒரு ஆராய்ச்சிய வெளியிட்டாவ, பாரி மேனிலோன்னு ஒரு பாட்டுக்காரரு படம் போட்ட, போட்டாலே கூச்சப்படுற மாதிரி டீசர்ட்ட ஒரு ஸ்டூடன்ட்டுக்கு மாட்டிவிட்டு ஆளுக இருக்க ரூமுக்குள்ள அனுப்புனாவ, பாதிப்பேராவது பாத்திருப்பாவன்னு போட்டவன் நெனச்சான், ஆனா கேட்டுப் பாத்தா சுமாரா கால்வாசிப் பேருதான் கவனிச்சிருக்காவ.

நம்ம ஊருல கஷ்டமான எடம் கல்யாண வீடு. சொதிச் சாப்பாட்டுப் பந்தில பக்கத்துல உக்காந்து "என்னல, இன்னும் வேலை கெடைக்கலையா"ன்னு ஒரு சித்தி கேப்பாவ. வெளக்கம் சொல்லாதிய, வெளக்கம் சொன்னாத்தான் அடுத்த கேள்வி வரும். "ஆமா சித்தி, தேடிட்டுருக்கேன். ஒங்களுக்கு முட்டுவலி எப்படி இருக்கு?" அவ்வளவுதான். முட்டுவலிய சொல்லி முடிக்கதுக்குள்ள இஞ்சிப் பச்சடி வந்துரும், இஞ்சிப் பச்சடி வந்தா சித்திக்கு நம்ம வேலையாவது ஒண்ணாவது.

இதெல்லாம் மண்டைல ஏறுனாலும் ஒடம்பு கேக்காது, அதுக்குப் பழக்கம் வேணும். ஆல்பர்ட் எல்லிஸ்னு ஒரு மனோதத்துவக்காரரு வேணும்னே வெக்கப்படுற காரியத்தச் செய்யச் சொல்லுவாரு, ரயில்ல வார ஸ்டேஷன் பேர சத்தமா கத்துறது, வாழப்பழத்துல கயிறு கெட்டி நாய்க்குட்டி மாதிரி இழுத்துட்டுப் போறதுன்னு. வாழப்பழம் வேண்டாம், பாளையங்கோட்டைல பஸ் ஏறி "முருகன்குறிச்சி! வண்ணார்பேட்டை!"ன்னு ஒருக்கா கத்திப் பாருங்க. கண்டக்டரு ஒரு மாதிரி பாப்பாரு, ரெண்டு பேரு சிரிப்பாவ, மூஞ்சி சூடாவும். அப்ப எறங்கி ஓடாம சீட்டுலயே இருக்கணும், அதுதான் மெயினு, இருந்தா படபடப்பு தானா பைய எறங்கும், ஓடுனா அடுத்த தடவை பயம் கூடத்தான் செய்யும். அவ்வளவு துணிச்சல் இல்லைன்னா டவுண்ல ஜவுளிக்கடைக்குப் போயி ஒரு அஞ்சாறு சட்டைய எடுத்துப் பாத்துட்டு "ஒண்ணும் பிடிக்கல அண்ணாச்சி"ன்னு சொல்லிட்டு வாங்க, கூட்டம் இல்லாத நேரமாப் போங்க, பாவம் மடிக்கணும்லா.

குடும்ப வாட்ஸப் குரூப்ப ம்யூட்டுல போடுங்க, எப்பவும்னு ஆப்ஷன் இருக்கு.

ஆளுகளப் பாக்கவே பயந்து வேலைக்கு, காலேஜுக்குப் போக முடியாத அளவுக்கு இருந்தா இதெல்லாம் பத்தாது. டாக்டர்கிட்ட போங்க, இல்லன்னா 14416-க்கு போன் போடுங்க, டெலி மானஸ்னு கவர்மெண்டு லைன், காசு கெடையாது, ராத்திரியும் எடுப்பாவ, தமிழ்லயே பேசலாம்.