எம்பிராய்டரி புதிர்ப் படம் மங்கலாகப் போனதற்குத் தீர்வு

வாட்ஸ்அப் குழுவில், ஓர் இடத்தைத் தைத்த எம்பிராய்டரியின் ஒரு மூலையை மட்டும் படமெடுத்து அனுப்பி "இது எந்த இடம்?" என்று கேட்கும் விளையாட்டில், இழைகள் குழைந்து வெறும் வண்ணத் திட்டாகத் தெரிந்தன. சாதாரணமாக அனுப்பினால் செயலி படத்தைச் சுருக்கிவிடும். அதையே டாக்குமெண்டாக அனுப்பினேன், ஒவ்வொரு இழையும் துலங்கியது.

இதில் இரண்டு விஷயம் கவனிக்கணும். கோப்பின் பெயரும் கூடவே போகும். 'தொட்டிப்பாலம்' (குமரி மாவட்டம் மாத்தூரில் கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகும் உயரமான பாலம்) என்றிருந்தால் விடை அங்கேயே போச்சு. வெறும் எண்ணாக மாற்றுங்கள். படம் எடுத்த இடத்தின் விவரமும் உள்ளே பதிந்திருக்கும். வீட்டில் எடுப்பதால், கேமராவில் லொகேஷனை முதலில் அணைத்துவிடுவது நல்லது.

வெயில் நேரே விழாத ஜன்னலோரம், ஒளி பக்கவாட்டில் வரும்படி வைத்தால் தையலின் மேடுபள்ளம் தெரியும். ஃபிளாஷ் போட்டால் பளபளப்பு நூல் வெளுத்துவிடும். துணியில் அலையலையாகக் கோடு வந்தால், நெசவின் வரிசையும் கேமரா சென்சாரின் வரிசையும் மோதுகின்றன என்று அர்த்தம். போனைச் சற்றுத் தள்ளுங்கள், அல்லது துணியை லேசாகத் திருப்புங்கள்.

133 அடி திருவள்ளுவர் சிலை புதிருக்கு ஆகாது; தாடியின் நுனியைக் காட்டினாலே சொல்லிவிடுவார்கள். மாத்தூர் தொட்டிப்பாலத்தின் ஒரே ஒரு தூண், பூச்சந்தைக்குப் பேர்போன தோவாளையின் பூக்கூடை ஓரம் இவைதான் அருமை. பூவுக்கு 6 இழை நூலில் 2 இழை பிரித்து பிரெஞ்சு முடிச்சு (ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் சிறு மணி போன்ற தையல்) போடலாம். ஊசி வந்த துளையிலேயே திரும்ப இறக்கினால் முடிச்சு பின்பக்கம் நழுவிவிடும்; ஒரு நெசவிழை தள்ளி இறக்குங்கள்.