அதிகம் வாசிக்காத ஸ்ட்ராட் வாங்கும் தம்பிகளுக்கு

சித்திரைத் திருவிழா முடிந்த கையோடு மேலூரிலிருந்து ஒரு தம்பி கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தான். மெல்லிசைக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவன். ஃபெண்டர் கம்பெனியின் எலெக்ட்ரிக் கிட்டாரான ஸ்ட்ராடோகாஸ்டரின் (சுருக்கமாக ஸ்ட்ராட்) நவீன மாடல், செகண்ட் ஹேண்ட், மேலே ஒரு கீறல்கூட இல்லை. “நெக் வளைஞ்சு போச்சுண்ணே, ட்ரஸ் ராடை நானே முறுக்கிட்டேன்” என்றான். நெக்குக்குள் ஓடி அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பிதான் ட்ரஸ் ராட். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பதினைந்து வருஷத்துக்கு முன் நான் செய்த அதே காரியம்.

கீறல், துரு, உடைந்த குமிழ் எல்லாம் உங்கள் கண்ணிலேயே படும். அதை விட்டுவிடுகிறேன். தெரியாமல் செய்யும் தப்புகளை மட்டும் சொல்கிறேன்.

நெக்கின் மேல் பழி போடுவது

நான் என் ஸ்ட்ராட்டை வாங்கியபோது அதில் 9 கேஜ் ஸ்ட்ரிங் இருந்தது. கேஜ் என்பது ஸ்ட்ரிங்கின் தடிமன். கச்சேரிக்குச் சத்தம் கனமாக வேண்டுமென்று 10 போட்டேன். ஸ்ட்ரிங்குகள், நெக்கின் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளை விட்டு எழும்பி நின்றன. ஒரே விரலால் எல்லா ஸ்ட்ரிங்கையும் அழுத்தும் பார் கார்ட் பிடித்தால் விரல் நுனி எரிந்தது. நெக் வளைந்துவிட்டது என்று முடிவுகட்டி, ஹார்டுவேர் கடையில் 3 மில்லிமீட்டர் ஆலன் கீ வாங்கித் திருகினேன். ராடின் முனையிலுள்ள நட்டுக்கு வேண்டியது 1/8 அங்குலம், அதாவது 3.2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்தச் சின்ன இடைவெளி போதும். மூன்றாவது திருகலில் கீ வழுக்கியது. டார்ச் அடித்துப் பார்த்தால் நட்டின் ஆறு மூலையும் மழுங்கி வட்டமாகிக் கிடந்தது. புது நெக்தான் வாங்க வேண்டியதாயிற்று. கிட்டாருக்குக் கொடுத்த பணத்தில் பாதிக்கு மேல் அதற்கே போனது.

இத்தனைக்கும் நெக்கில் குறையே இல்லை. ஸ்ட்ரிங்குகளைப் பாடியின் மேல் தாங்கும் பிரிட்ஜ் இந்த வகைக் கிட்டாரில் மிதந்து நிற்கும். முன்னால் ஸ்ட்ரிங் இழுக்கும், பாடிக்குள் ஸ்பிரிங் இழுக்கும். 10 கேஜின் இழுவை அதிகம் என்பதால் பிரிட்ஜின் பின்பக்கம் தூக்கிக்கொண்டது. ஸ்ட்ரிங்கும் கூடவே எழும்பியது. பின் மூடியைக் கழற்றி, ஸ்பிரிங் மாட்டிய தகட்டின் இரண்டு ஸ்குரூவையும் கொஞ்சம் இறுக்கி, மறுபடி ட்யூன் செய்திருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

அதனால் முதலில் பிரிட்ஜைப் பக்கவாட்டில் பாருங்கள். பின்விளிம்புக்கும் பாடிக்கும் நடுவே சுமார் 3 மில்லிமீட்டர் இருந்தால் சரி. அப்புறம்தான் நெக். முதல் ஃப்ரெட்டில் கேப்போ (ஸ்ட்ரிங்குகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டு, கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு, எட்டாவது ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்குக்கு அடியில் பாருங்கள். கால் மில்லிமீட்டர் வாக்கில் இடைவெளி இருந்தால் ராடைத் தொடவே வேண்டாம். தொட்டே ஆகவேண்டுமென்றால் சரியான அளவுக் கீ, ஒரு தடவைக்குக் கால் சுற்று.

மேலூர்த் தம்பியின் நட் தப்பித்தது. அவன் கிட்டாரிலும் பிரிட்ஜ்தான் தூக்கியிருந்தது.

வெயிலில் நிற்கும் காரில் விட்டுப் போவது

கத்திரியில் பத்து நிமிஷம்கூட வேண்டாம்.

1954 மாடல் மாதிரியே இருக்கும் என்று நம்புவது

அசலில் 21 ஃப்ரெட், பிரிட்ஜைப் பிடிக்க ஆறு ஸ்குரூ. இன்றைய மாடல்கள் பலவற்றில் 22 ஃப்ரெட், பிரிட்ஜ் நிற்பது இரண்டு முனையில். ஃப்ரெட்போர்டு வளைவின் ஆரமும் 7.25 அங்குலத்திலிருந்து 9.5 ஆகிவிட்டது, அதாவது முன்னைவிடத் தட்டை; ஸ்ட்ரிங்கைத் தள்ளி பெண்ட் செய்யும்போது நோட் அடைத்துப்போவது குறையும். பழையது போல் இல்லையே என்று நல்ல கிட்டாரை விட்டுவிடாதீர்கள்.

ஆம்பில் போடாமல் காசு கொடுப்பது

கொடுக்காதீர்கள். பிக்கப்பை (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) தேர்ந்தெடுக்கும் ஐந்து நிலை ஸ்விட்சை ஒவ்வொன்றாகத் தள்ளி, வாசிக்காமல் காது கொடுங்கள். இந்த நவீன மாடல்கள் பெரும்பாலானவற்றில் இரண்டாம், நான்காம் நிலைகளில் இரைச்சல் சட்டென்று அடங்கும். அடங்கவில்லை என்றால் பிக்கப்பை யாராவது மாற்றியிருக்கிறார்களா என்று விற்பவரிடம் நேராகவே கேளுங்கள்.