உயிரியல் மனப்பாடப் பாடம் அல்ல: உயர்நிலைப் பள்ளியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் பார்த்து வரையச் சொன்ன நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. செங்கல் அடுக்கியது போல நீள நீளமான செல்கள். சாயம் ஏறிய உட்கரு ஒவ்வொன்றிலும் ஓரமாக ஒதுங்கியிருந்தது. பார்த்து முடித்து, குறிப்பேட்டில் செல் சுவர், உட்கரு, வாக்குவோல் எல்லாம் வரைந்தேன். கடைசியாகப் பச்சைப் பென்சிலை எடுத்து, ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும் பசுங்கணிகங்கள் நாலைந்தையும் போட்டேன். ஆசிரியை படத்தைச் சற்று நேரம் பார்த்தார். "இந்தப் பச்சையை எங்கே பார்த்தாய்?" என்று கேட்டார்.

மறுபடி நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். பச்சை எங்குமே இல்லை. தாவர செல்லில் பசுங்கணிகம் உண்டு என்று புத்தகத்தில் படித்திருந்தேன், அதனால் வரைந்துவிட்டேன். வெளிச்சம் படாத அடுக்குகளுக்குள் இருந்துகொண்டு உணவைச் சேமித்து வைக்கும் வெங்காய இதழுக்குப் பசுங்கணிகம் எதற்கு என்று ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

அதன் பிறகு உயிரியலில் நான் செய்த தவறுகளையும், தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அவர்களிடம் கண்ட தவறுகளையும் திரும்பிப் பார்த்தால், பெரும்பாலானவை இந்தப் பச்சைப் பென்சில் வழியாகத்தான் வந்திருக்கின்றன. சொல் தெரிந்ததும் பொருள் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

பெயர் தெரியும், பாதை தெரியாது

"உயிரியலா? உட்கார்ந்து உருப்போட்டால் போதும்" என்ற அறிவுரையைக் கேட்காத மாணவர் இருக்க முடியாது. இந்த அறிவுரை செய்த கெடுதலை வேறு எதுவும் செய்யவில்லை என்பேன். பெயர்கள் நிறைய இருக்கும் பாடம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெயர்கள் ஒரு நிகழ்ச்சியில் பங்கெடுப்பவர்களின் பெயர்கள். நிகழ்ச்சியை விட்டுவிட்டுப் பட்டியலை மட்டும் படித்தால் இரண்டு நாளில் எல்லாம் உதிர்ந்துவிடும்.

இதயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமனி என்றால் சுத்த ரத்தம், சிரை என்றால் அசுத்த ரத்தம் என்று இரண்டு வரியில் மனப்பாடம் செய்திருப்போம். நுரையீரல் தமனியில் ஓடுவது எது என்று கேட்டால் தடுமாறுவோம். தமனி என்பதற்கு அடிப்படை, ரத்தம் செல்லும் திசை மட்டும்தான். இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோவது தமனி, இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது சிரை. நுரையீரல் தமனி இதயத்திலிருந்து புறப்படுகிறது, ஆகவே அது தமனி. அதில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம். இதில் விதிவிலக்கு என்று தனியாக மனப்பாடம் செய்ய ஒன்றுமே இல்லை.

'அசுத்த ரத்தம்' என்ற சொல்லின் மேலேயே எனக்கு வருத்தம் உண்டு. அதைக் கேட்கும் பிள்ளைகள் அழுக்கான, கெட்டுப்போன ரத்தம் உடலில் ஓடுகிறது என்று நம்பிவிடுகிறார்கள். நாம் ஓய்வாக இருக்கும்போது, உடலைச் சுற்றிவிட்டு இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தில்கூட ஹீமோகுளோபின் ஏறத்தாழ முக்கால் பங்கு ஆக்சிஜனை இன்னும் சுமந்துகொண்டுதான் வருகிறது. ஆக்சிஜன் மிகுந்த ரத்தம், ஆக்சிஜன் குறைந்த ரத்தம் என்று சொல்லிப் பழகுங்கள். படத்தில் நீல வண்ணம் தீட்டியிருப்பது பிரித்துக் காட்டுவதற்காக மட்டுமே. உடலில் எந்த இடத்திலும் மனித ரத்தம் நீலமாக இல்லை. ஆக்சிஜன் குறையும்போது அது அடர் சிவப்பாகிறது.

எனக்கு இந்தப் பாடம் பிடிபட்டது ஒரே ஒரு சிவப்பணுவின் பின்னாலேயே நடந்து போனபோதுதான். இதயத்தின் மேல் அறையான வலது ஏட்ரியத்தில் நுழைகிறது, கீழ் அறையான வலது வென்ட்ரிக்கிளுக்கு இறங்குகிறது, நுரையீரல் தமனி வழியாக நுரையீரலுக்குப் போகிறது, ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு நுரையீரல் சிரை வழியாக இடது ஏட்ரியத்துக்கு வருகிறது, இடது வென்ட்ரிக்கிளிலிருந்து பெருந்தமனிக்குள் பாய்கிறது. ஓய்வில் இருப்பவரின் உடலில் இந்த முழுச் சுற்றுக்கும் ஏறக்குறைய ஒரு நிமிடம்தான். இப்படி ஒருமுறை விரலால் படத்தின் மேல் பாதையைத் தொட்டுக்கொண்டே சொல்லிப் பாருங்கள். இடது வென்ட்ரிக்கிளின் சுவர் ஏன் அவ்வளவு தடிப்பு என்று யாரும் சொல்லாமலே விளங்கும். பக்கத்திலேயே இருக்கும் நுரையீரலுக்குத் தள்ளுவதும் கால்விரல் வரை தள்ளுவதும் ஒரே வேலையா? படத்தில் இடது, வலது மாறித் தெரிவதும் பலரைக் குழப்பும். எதிரே நம்மைப் பார்த்து நிற்பவரின் இதயம் அது என்று வைத்துக்கொண்டால் போதும்.

உணவின் பாதை, நரம்புத் தூண்டலின் பாதை, சிறுநீரகத்தில் ஒரு துளி நீரின் பாதை என எல்லாவற்றையும் இதே போலத் தொடர்ந்து போகலாம். நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவம் சிறுநீரகங்களில் வடிகட்டப்படுகிறது, ஆனால் சிறுநீராக வெளியேறுவது ஒன்றரை லிட்டர் அளவுதான். மீதி எங்கே போயிற்று என்று கேட்டுக்கொண்டே போனால், சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகான நெஃப்ரானின் பாகங்கள் ஒவ்வொன்றாகத் தானே நினைவில் உட்காரும்.

சமன்பாட்டை எழுதத் தெரிந்தால் போதாது

ஒளிச்சேர்க்கையின் சமன்பாட்டை எழுதச் சொன்னால் வகுப்பே எழுதிவிடும். "விதையாக இருந்தது பெரிய மரமாகிவிட்டது, அந்த எடையெல்லாம் எங்கிருந்து வந்தது?" என்று கேளுங்கள். மண்ணிலிருந்து என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். நானும் அப்படித்தான் சொன்னேன்.

இதே கேள்வியை வான் ஹெல்மான்ட் என்ற அறிஞர் 17ஆம் நூற்றாண்டிலேயே எடை போட்டுப் பார்த்தார். உலர்ந்த மண் 200 பவுண்டு எடுத்துத் தொட்டியில் இட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, தண்ணீர் மட்டும் ஊற்றி வந்தார். 5 ஆண்டுகள் கழித்து மரத்தின் எடை 169 பவுண்டைத் தாண்டியிருந்தது. மண்ணில் குறைந்ததோ ஏறத்தாழ 2 அவுன்ஸ், அதாவது 60 கிராமுக்கும் குறைவு. எடை முழுவதும் தண்ணீரிலிருந்து வந்ததாக அவர் முடிவு செய்தார். அவர் மறைவுக்குப் பிறகு 1648இல் இந்தச் சோதனை அச்சில் வந்தது. அவருடைய முடிவு பாதிதான் சரி. மரத்தின் உலர் எடையில் பெரும்பங்கு காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடிலிருந்து வருகிறது. நாம் மனப்பாடம் செய்த சமன்பாட்டின் இடது பக்கத்தில் இருப்பதும் அதுதான், எழுதும்போது கண்ணில் படுவதில்லை.

இதை ஒட்டியே இன்னொரு தவறு. செடிகள் பகலில் ஒளிச்சேர்க்கை செய்கின்றன, இரவில் சுவாசிக்கின்றன என்று பலர் எழுதுகிறார்கள். செடி இரவும் பகலும் சுவாசிக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கை அதைவிட வேகமாக நடப்பதால் ஆக்சிஜன் வெளியே வருவது மட்டும் நமக்குத் தெரிகிறது. சுவாசம் என்பதை மூச்சு விடுவதோடு ஒன்றாகக் குழப்பிக்கொள்வதும் இதற்கு ஒரு காரணம். செல்லுக்குள் குளுக்கோஸிலிருந்து ஆற்றலை எடுக்கும் வேலை செல் சுவாசம். நுரையீரல் இல்லாத உயிர்களிலும் அது நடக்கிறது. அதேபோல, ஒளிச்சேர்க்கையில் சர்க்கரை உருவாகும் கட்டத்துக்கு 'இருள்வினை' என்ற பெயர் இருப்பதைப் பார்த்து, அது இரவில் நடப்பது என்று எழுதிவிடாதீர்கள். அதற்கு நேரடியாக ஒளி தேவையில்லை என்பதே அந்தப் பெயரின் பொருள். பெரும்பாலான தாவரங்களில் அது நடப்பது பகலில்தான்.

பேச்சு வழக்குச் சொல்லும் பாடச் சொல்லும்

கலைச்சொற்களைப் பிரித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். சவ்வூடு பரவல் என்பதைச் சவ்வின் ஊடே பரவுதல் என்று பிரித்தாலே பாதிப் பாடம் வந்துவிடும். இனச்செல்கள் உருவாகும் குன்றல் பிரிவில் குரோமோசோம்களின் எண்ணிக்கை குன்றுகிறது. ஆனால் சில சொற்கள் நமக்குப் பழகிய பொருளை இழுத்துக்கொண்டு வந்து ஏமாற்றிவிடும்.

'ஓங்கு பண்பு' அப்படிப்பட்ட சொல். ஓங்கியது என்றால் வலிமையானது, ஆகவே அதிகம் பேரிடம் காணப்படுவது என்று நினைத்துக்கொள்கிறோம். கையில் ஆறு விரல்களோடு பிறப்பதற்குக் காரணமான மரபணு மாற்றங்களில் சில ஓங்கு தன்மை கொண்டவை, ஆனாலும் நம்மைச் சுற்றி எல்லோருக்கும் ஐந்து விரல்தான் இருக்கிறது. ஏ, பி இரண்டுக்கும் எதிரே ஓ ரத்த வகை ஒடுங்கு பண்பு. இருந்தும் பல நாடுகளில் மிகுதியாகக் காணப்படும் வகை அதுவே. ஒரே மரபணுவின் இரு வேறு வடிவங்களான அல்லீல்கள் சேர்ந்திருக்கும்போது எது வெளியே தெரிகிறது என்பதைத்தான் ஓங்கு, ஒடுங்கு என்ற சொற்கள் குறிக்கின்றன. மக்கள்தொகையில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பது வேறு கேள்வி.

பட்டாணிச் செடிகளில் மரபுப் பண்புகளை ஆராய்ந்த மெண்டலின் 3:1 விகிதத்தையும் (மூன்று ஓங்கு பண்புக்கு ஒரு ஒடுங்கு பண்பு) இப்படித்தான் பிழையாகப் பிடித்துக்கொள்கிறோம். நான்கு பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் ஒருவருக்கு ஒடுங்கு பண்பு வரும் என்று எழுதுவது தவறு. பெற்றோர் இருவரிடமும் ஓங்கு, ஒடுங்கு அல்லீல்கள் இரண்டும் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக நான்கில் ஒரு வாய்ப்பு. மெண்டல் எண்ணிய பட்டாணி விதைகளில் 5474 உருண்டையானவை, 1850 சுருங்கியவை. வகுத்துப் பாருங்கள், 2.96தான் வரும். ஏழாயிரத்துக்கும் மேல் எண்ணியதால்தான் அவருக்கு 3க்கு இவ்வளவு நெருக்கமாகக் கிடைத்தது. நாலைந்து விதையோடு நிறுத்தியிருந்தால் விகிதமே புலப்பட்டிருக்காது.

உடலில் வேதிவினைகளை வேகப்படுத்தும் நொதி வெப்பத்தில் 'இறந்துவிடும்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. நொதிக்கு உயிரில்லை. அதன் வடிவம் குலைகிறது, வினைப்பொருள் பொருந்தும் இடம் பாழாகிறது, வேலை நிற்கிறது.

பரிணாமப் பாடத்தில் 'வேண்டி', 'ஆகவேண்டும் என்று' போன்ற சொற்கள் பேனாவிலிருந்து வந்தால் உடனே நிறுத்துங்கள். ஒட்டகச்சிவிங்கி உயரத்து இலைகளுக்கு ஆசைப்பட்டுக் கழுத்தை நீட்டிக்கொள்ளவில்லை. கழுத்து நீளத்தில் முன்பே வேறுபாடுகள் இருந்தன. நீண்ட கழுத்தால் ஏதோ ஒரு வகையில் பயன்பெற்றவை அதிகக் குட்டிகளை விட்டுச்சென்றன. ஆன்டிபயாடிக்கும் அப்படியே. நம் உடல் மருந்துக்குப் பழகிவிடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். மருந்தைத் தாங்கும் பாக்டீரியாக்கள் தப்பிப் பெருகுகின்றன, எதிர்ப்பாற்றல் அவற்றுக்கு வருகிறது.

படிக்கும் முறையில்

ஒரே பக்கத்தை நான்கு முறை வாசித்து, வரிக்கு வரி மஞ்சள் பூசி, எல்லாம் தெரிந்துவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கிய இரவுகள் எனக்கு உண்டு. மறுநாள் தேர்வில் வெற்றுத் தாள் முன்னால் அந்த நிம்மதி நிற்கவில்லை. வாசிக்கும்போது வருவது பழகிய முகத்தைப் பார்க்கும் உணர்வு. அந்த முகத்தைப் பார்க்காமல் வரையச் சொன்னால்தான் நமக்கு எவ்வளவு தெரியும் என்பது தெரியும். புத்தகத்தை மூடிவிட்டு வெறும் தாளில் படத்தையும் பாகங்களையும் எழுதுங்கள், பிறகு திறந்து விட்டுப்போனதை மட்டும் வேறு நிறத்தில் சேருங்கள். இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை.

வேறுபடுத்துக என்ற கேள்வியில் ஒரு பக்கம் நிறத்தையும் மறுபக்கம் வேலையையும் எழுதினால் வேறுபாடு ஆகாது. ஒரே பண்பை இரு பக்கமும் எழுத வேண்டும். படத்தில் குறிக்கும் கோடு பாகத்தைத் தொட்டு நிற்க வேண்டும். இவை சின்ன விஷயங்கள், ஆனால் மதிப்பெண் போவது இங்கேதான்.

ஆய்வகத்தில் எடுத்தவுடன் அதிக உருப்பெருக்கத்துக்குப் போகாதீர்கள். குறைந்த உருப்பெருக்கத்தில் இடத்தைக் கண்டுபிடித்த பிறகு மாற்றுங்கள். தடித்த கறுப்பு விளிம்போடு வட்டமாகப் பளிச்சென்று தெரிவது காற்றுக் குமிழி. அதைச் செல் என்று அழகாக வரைந்த குறிப்பேடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் விட, பக்கத்துக் குறிப்பேட்டைப் பார்த்து வரையாதீர்கள். எதிர்பார்த்ததைக் கண்ணில் காண்பது மாணவர்களுக்கு மட்டும் நேர்வதில்லை. மனித செல்லில் 48 குரோமோசோம்கள் என்று 1923இல் பெயின்டர் என்ற விஞ்ஞானி எழுதினார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடநூல்கள் அதையே அச்சிட்டன, எண்ணியவர்களும் 48 என்றே எண்ணினார்கள். ட்ஜியோ, லெவான் இருவரும் செல்களைத் தெளிவாகப் பரப்பிப் பார்க்கும் முறையில் எண்ணியபோது 46தான் இருந்தது. 1956இல் அதை வெளியிட்டார்கள்.

அன்று ஆசிரியை என் படத்தில் ஒன்றையும் அடிக்கவில்லை. பச்சை பார்க்க ஆசையென்றால் இதைப் பார் என்று, ஹைடிரில்லா என்ற நீர்த்தாவரத்தின் ஓர் இலையை ஒரு துளி நீரில் வைத்து, கண்ணாடித் துண்டால் மூடி, மேடையில் பொருத்தினார். முதலில் பச்சை மங்கலாகத்தான் தெரிந்தது. திருகைச் சற்றே திருப்பினேன். செல்லின் ஓரத்தை ஒட்டிச் சின்னச் சின்னப் பச்சை மணிகள் வரிசையாக நின்றன. பார்த்துக்கொண்டே இருந்தபோது அவற்றில் ஒன்று மெல்ல நகர்ந்தது, அதன் பின்னால் இன்னொன்று. மணி அடிக்கும் வரை நான் எழுந்திருக்கவில்லை.