நவகிரகத்துக்குப் போகிறீர்களா? கிழமை வரிசையில் போகாதீர்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடுதுறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு கார் வந்து நின்றது. முன்னால் இரண்டு பையன்கள், பின்னால் ஒரு பாட்டி, அவர் மடியில் தேங்காய் மூடியோடு ஒரு பை. மணி 11:10.

"எங்கேருந்து வர்றீங்க தம்பி?"

"திங்களூர்லேருந்து சார்."

"அடுத்து?"

"வைத்தீஸ்வரன்கோவில்."

"அப்போ காலையில முதல்ல சூரியனார்கோவில், இல்லையா?"

பையன் டம்ளரை இறக்கிவிட்டுப் பார்த்தான். "எப்படி சார் தெரியும்?"

தெரியாமல் என்ன? 2009-ல் நானும் அதே வரிசையில் போய் மாட்டிக்கொண்டவன்தான். "கஞ்சனூர் இங்கேருந்து பத்து நிமிஷம், பார்த்துட்டுப் போங்களேன்" என்றேன். அவன் விரல் விட்டு எண்ணினான். "அது சுக்கிரன் சார். ஆறாவது."

அந்த 'ஆறாவது'தான் இதை எழுத வைத்தது. இப்போது நான் கும்பகோணத்தில் இருக்கிறேன். வருகிற சொந்தக்காரர்களை எல்லாம் நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். நானும் மற்றவர்களும் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

சூரியன், சந்திரன், செவ்வாய் என்று வரிசை பிடிப்பது

ஒன்பது ஊர்களும் எங்கே இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். திங்களூர் மட்டும் கும்பகோணத்துக்கு மேற்கே, திருவையாற்றுக்குப் பக்கத்தில். ஆலங்குடி தெற்கே, நீடாமங்கலம் போகிற சாலையில். மற்ற ஏழும் கிழக்கே. அதில் திருநாகேஸ்வரம் (ராகு), சூரியனார்கோவில், கஞ்சனூர் மூன்றும் கும்பகோணத்துக்குக் கிட்டே. வைத்தீஸ்வரன்கோவில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம் (கேது), திருநள்ளாறு நான்கும் கடற்கரைப் பக்கம்.

இதைக் கிழமை வரிசையில் சுற்றினால் என்ன ஆகும்? சூரியனார்கோவிலிலிருந்து சந்திரனுக்காக மேற்கே சுமார் 50 கிலோமீட்டர். அங்கிருந்து செவ்வாய்க்காக, வந்த வழியே திரும்பி, காலையில் பார்த்த ஆடுதுறையை மறுபடி பார்த்து, கிழக்கே 80 கிலோமீட்டருக்கு மேல். போய்ச் சேரும்போது உச்சிக்காலம் முடிந்து நடை சாத்தியிருக்கும். இந்தப் பக்கத்துக் கோயில்கள் பெரும்பாலும் பன்னிரண்டரை, ஒரு மணிக்குச் சாத்தினால் 4 மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த மூன்றரை மணி நேரம்தான் நாளையே தின்றுவிடும்.

எங்களுக்கு அதுதான் நடந்தது. அப்போது நாங்கள் சென்னையில் இருந்தோம். அம்மாவுக்கு ஏழரைச் சனி. திருநள்ளாறு போக வேண்டும் என்றுதான் பேச்சே ஆரம்பித்தது. போவதுதான் போகிறோம், ஒன்பதையும் பார்த்துவிடலாம் என்று இழுத்துவிட்டது நான். ஒரு தாளில் கிழமை வரிசையாக எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கும்பகோணத்தில் வாடகைக் கார். டிரைவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்தார்.

வைத்தீஸ்வரன்கோவிலில் கதவு சாத்தி ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. முட்டிவலியோடு அம்மா 4 மணி வரை வாசலில் உட்கார்ந்திருந்தார். திறந்ததும் செவ்வாய், அப்புறம் திருவெண்காட்டில் புதன். வெளியே வரும்போது மணி 6 ஆகப் போகிறது. அப்போதுதான் டிரைவர் வாயைத் திறந்தார். "சார், கேது பக்கத்துலதான். அதைப் பார்த்துட்டு தரங்கம்பாடி வழியா விட்டா எட்டு மணிக்குள்ள திருநள்ளாறு போயிடலாம்."

நான் சொன்ன பதில் எனக்கு இன்னும் வரி மாறாமல் நினைவிருக்கிறது. "வரிசை மாறக் கூடாதுண்ணே. அடுத்தது குரு."

குருவுக்காக ஆலங்குடி நோக்கித் திருப்பினோம். போய்ச் சேர்ந்தபோது அங்கேயும் நடை சாத்தியாகிவிட்டது. ஒன்பதில் பார்த்தது நாலு. வண்டி வாடகை, டிரைவர் பேட்டா எல்லாம் முழுசாகக் கொடுத்தேன். மறுநாள் காலையில் ரயில். பிளாட்பாரத்தில் அம்மா சொன்னார்: "சனீஸ்வரனைப் பார்க்கன்னு கிளம்பி அவரை மட்டும் பார்க்காமப் போறோம். இதுக்குப் பேருதாண்டா ஏழரை." அடுத்த வருஷம் அவர் தன் சிநேகிதிகளோடு திருநள்ளாறு போய்விட்டு வந்தார். என்னைக் கூப்பிடவில்லை.

பிற்பாடு சூரியனார்கோவிலில் ஒரு குருக்களிடம் கேட்டேன். "ஒன்பது பேருக்கும் இங்கேயே சன்னதி இருக்கு. வரிசையாத்தான் பார்க்கணும்னா இங்கே சுத்துங்கோ. ஊர் ஊரா அலையறதுக்கு ரோடுதான் வரிசை" என்றார். இதை 2009-ல் எங்கே போய்க் கேட்பது?

கும்பகோணத்திலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகம் விடும் நவகிரகப் பேருந்தைப் பாருங்கள். விடிந்ததும் முதலில் திங்களூர், அப்புறம் ஆலங்குடி, அப்படியே கிழக்கே இறங்கி, கடைசியில் திருநள்ளாறு. ஒரே நாளில் முடிகிறது. என் யோசனை இரண்டு நாள். திருச்சி, தஞ்சாவூர் பக்கமிருந்து வருகிறவர்கள் வருகிற வழியிலேயே சாயங்காலம் திங்களூரைப் பார்த்துவிடுங்கள். நேரம் இருந்தால் ஆலங்குடியையும். மறுநாள் விடியற்காலை திருநாகேஸ்வரத்தில் தொடங்கி, வைத்தீஸ்வரன்கோவிலை உச்சிக்கு முன்னால் முடித்து, சாப்பிட்டுவிட்டு, 4 மணிக்குத் திருவெண்காட்டில் நின்றால் போதும். ஒரு கோயிலுக்காகவே கிளம்பியிருந்தால், மற்ற எட்டும் போனாலும் போகட்டும், முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

கிலோமீட்டரை நம்புவது

இங்கே 40 கிலோமீட்டர் என்றால் ஒன்றேகால் மணி நேரம் என்று வையுங்கள். ஊருக்கு ஊர் வேகத்தடை. கைபேசி வரைபடம் குறுக்கு வழி என்று ஆற்றங்கரைச் சாலையில் தள்ளிவிடும். எதிரே ஒரு பஸ் வந்தால் யாராவது ஒருவர் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். தை, மாசியில் சம்பா அறுவடை. அறுவடை இயந்திரம் சாலையை அடைத்துக்கொண்டு வரும், பாதி ரோட்டில் நெல் காயும். அதன் மேல் ஏற்றாதீர்கள், அது ஒருத்தர் வீட்டு ஆறு மாத உழைப்பு. பைக்கில் வருகிறவர்களுக்கு வைக்கோல் இன்னும் மோசம். பனி ஈரத்தில் சக்கரம் வழுக்கும். நான் ஒரு முறை விழுந்திருக்கிறேன்.

கிரகத்தை மட்டும் பார்த்துவிட்டு ஓடுவது

இவற்றில் எட்டு சிவன் கோயில்கள் என்பதே பலருக்கு மறந்துவிட்டது. சூரியனார்கோவில் மட்டும்தான் சூரியனுக்கென்றே எழுந்த கோயில். திருநள்ளாற்றில் தர்ப்பாரண்யேஸ்வரர் சன்னதிக்குள் தலையைக்கூடக் காட்டாமல் எள் தீபத்தோடு சனியிடம் ஓடுகிறார்கள். தியாகராஜர் எழுந்தருளிய ஏழு விடங்கத் தலங்களில் அது ஒன்று. நாயன்மார்களில் ஒருவரான அப்பூதி அடிகளின் ஊர் என்று தெரியாமலே திங்களூரில் பத்து நிமிஷம் நின்றுவிட்டுக் கிளம்புகிறார்கள்.

பெயர்ச்சித் தேதியைக் காலண்டரில் பார்ப்பது

திருநள்ளாற்றில் வாக்கியப் பஞ்சாங்கம். உங்கள் வீட்டுக் காலண்டர் திருக்கணிதமாக இருக்கலாம். இரண்டும் வேறு வேறு கணக்கு. 2023-ல் திருக்கணிதப்படி ஜனவரி 17-ல் சனி பெயர்ந்தார், திருநள்ளாற்றில் விழா நடந்தது டிசம்பர் 20-ல். ஜனவரியில் கிளம்பியவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. கோயிலுக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

ராகு காலம் தெரியாமல் திருநாகேஸ்வரம்

ராகுவுக்குச் செய்யும் பாலாபிஷேகத்தில் பால் நீலமாகும் என்கிறார்களே, அதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ராகு காலத்தை ஒட்டித்தான் நாளை அமைக்க வேண்டும். 'திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா' என்று பாட்டிமார் சொல்லிக்கொடுத்ததை நினைவு வையுங்கள்: திங்கள் 7:30, சனி 9, வெள்ளி 10:30 என்று ஒன்றரை மணி நேரமாக ஏறி, ஞாயிறு 4:30-க்குத் தொடங்குவதோடு வரிசை முடியும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சின்னக் குழந்தையோடு போகாதீர்கள்.

வைத்தீஸ்வரன்கோவிலில் 'சும்மா' நாடி ஜோதிடம்

ஏடு தேடுவதிலேயே அரை நாள் போகும்.

திருநள்ளாற்றில் நள தீர்த்தக் குளத்தில் துணியை விடுவது

அடுத்து குளிக்கிறவர் காலில் சுற்றுகிறது. விடாதீர்கள்.

கொள்ளிடத்தில் இறங்குவது

மணல் அள்ளின பள்ளம் கரையிலிருந்து பார்த்தால் தெரியாது. நீச்சல் தெரிந்தவர்களும் இறங்க வேண்டாம்.