சீப்ரா மீனில் குஞ்சு எடுக்க: முதலில் தீனி, பிறகுதான் முட்டை

சீப்ரா மீனை முட்டை போட வைப்பது லேசு. நன்றாகத் தின்று வளர்ந்த மீன்கள் எந்தத் தொட்டியிலும் போடும். குஞ்சுகள்தான் முதல் வாரத்துக்குள் பட்டினியில் செத்துவிடுகின்றன. எனவே மீனைச் சேர்ப்பதற்கு முன்பே குஞ்சுத் தீனியைத் தொடங்குங்கள்.

தீனி

2 லீற்றர் போத்தலில் முக்கால்வாசிக்குப் பழைய தொட்டித் தண்ணீர் ஊற்றி, பில்டர் ஸ்பொஞ்சை அதற்குள் ஒருதரம் பிழிந்துவிடுங்கள். காய்ந்த வாழைப்பழத் தோல் இரண்டு விரல் அளவு போதும். கூடினால் அழுகி நாறும். வெளிச்சமுள்ள, நேர்வெயில் படாத இடத்தில் வையுங்கள். முதலில் வெள்ளையாகக் கலங்கும், அது பக்டீரியா. நாலைந்து நாளில் தெளியத் தொடங்கும். அப்போது டோர்ச் அடித்துப் பார்த்தால் தூசளவுப் புள்ளிகள் தாமாக நகர்வது தெரியும். அவைதான் தீனி. போத்தல் வாயைத் துணியால் கட்டுங்கள். திறந்து கிடந்தால் நுளம்பு பெருகும், டெங்குச் சோதனைக்கு வருபவர்கள் குடம்பியைக் கண்டால் பிரச்சினை.

தொட்டி

10 முதல் 15 லீற்றர், தண்ணீர் ஒரு சாண் உயரம். கடலோரக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தால் வேண்டாம். பைப் தண்ணீரை ஒரு நாள் எயார் பம்ப் ஓடவிட்டுக் குளோரின் போக்குங்கள். வாடை மழைக் காலமென்றால் பாதிக்கு மழைத்தண்ணீர் கலக்கலாம். 26 முதல் 28 பாகை நல்ல சூடு. திருகோணமலையில் ஹீட்டர் வாங்குவது வீண்செலவு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தண்ணீர் 30 பாகையைத் தாண்டும், அதுதான் கவலை. தொட்டியை நிழலில், சீமெந்துத் தரையோடு வையுங்கள்.

அடியில் இரண்டு அடுக்குப் போளை (கண்ணாடிக் குண்டு) பரப்புங்கள். முட்டை இடுக்கில் விழுந்து தப்பும். நுளம்பு வலை கட்டாதீர்கள்: முட்டை ஏறத்தாழ 1 மில்லிமீற்றர், அந்தக் கண்ணில் சிக்கிவிடும். வலைதான் வேண்டுமென்றால் 3 மில்லிமீற்றர் கண்ணுள்ள பிளாஸ்டிக் வலை.

சேர்ப்பது

பெண்ணுக்கு வயிறு உருண்டிருக்கும். ஆண் ஒல்லி, கோடுகளுக்கிடையே மஞ்சள் சாயல். ஒரு வாரம் பிரித்து வைத்து நன்றாகத் தீனி கொடுத்து, ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆணாக மாலையில் விடுங்கள். தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடி, விடிந்ததும் எடுங்கள். வெளிச்சம் பட்டதும் துரத்தல் தொடங்கும். மத்தியானத்துக்குள் பெரிய மீன்களை எடுத்துவிடுங்கள், தங்கள் முட்டையையே தின்னும்.

கண்ணாடியாகத் தெரிவது நல்ல முட்டை. வெள்ளையானதை டிரொப்பரால் எடுத்துவிடுங்கள், பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் பரவும்.

சறுக்கும் இடம்

இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். குஞ்சுகள் கண்ணாடியில் சிறு கீறல்களாக ஒட்டிக்கொண்டிருக்கும். வயிற்றில் மஞ்சள் கரு இருக்கிறது, தீனி போடாதீர்கள். முட்டை போட்ட நாலைந்தாம் நாள் குஞ்சு மேலே வந்து ஒரு வாய் காற்று விழுங்கி நீச்சல் பையை நிரப்பும். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் இருந்தால் அது நடக்காது. குஞ்சு நீந்த முடியாமல் அடியில் கிடந்து சாகும். அதனால் பொரித்த நாளிலிருந்து காலையும் மாலையும் ஒரு டிஷ்யூத் தாளை மேற்பரப்பில் விரித்து மெதுவாக இழுத்தெடுங்கள். படலம் தாளோடு வந்துவிடும். காற்றுக் குமிழி மிக மெல்லியதாக இருக்கட்டும்.

குஞ்சு கிடையாக நீந்திய அன்றே தீனி. போத்தலின் நடுப்பகுதித் தண்ணீரில் இரண்டு மூன்று டிரொப்பர், நாளுக்கு நாலு தரம். பின்னால் டோர்ச் பிடித்து வயிற்றைப் பாருங்கள்: புடைத்திருந்தால் தின்கிறது, ஒட்டியிருந்தால் தீனி காணாது. அவித்த முட்டை மஞ்சள் கரு பலர் சொல்லும் வழி; எனக்குப் பிடிக்காது, தண்ணீரை ஒரே இரவில் கெடுத்துவிடும்.

ஏழெட்டு நாள் போனதும் ஆர்ட்டீமியா, அதாவது முட்டையாக வாங்கி நாமே பொரிக்க வைக்கும் உப்புத்தண்ணீர்ச் சிற்றுயிர். இதற்கு நம்மூரில் உப்பு அளக்கத் தேவையில்லை: மூன்று பங்கு தெளிந்த கடல் தண்ணீர், ஒரு பங்கு நல்ல தண்ணீர், எயார் பம்ப். ஏறத்தாழ ஒரு நாளில் பொரிக்கும். நல்ல தண்ணீரில் அலசிவிட்டுக் கொடுங்கள்.

பிற்சேர்க்கை: மீன் முட்டை போடவில்லையென்றால் இரவு வெளிச்சத்தைப் பாருங்கள். யன்னலால் தெருவிளக்கு விழுந்தாலே விடியற்காலைக் கணக்குக் குழம்பும். இலங்கைக்கே உரிய செர்ரி பார்ப் மீனுக்கும் இதே முறைதான், ஆனால் அதன் முட்டை ஒட்டும். போளைக்குப் பதில் பாசிக் கொத்தோ, பாவிக்காத நைலோன் வலைத்துண்டைப் பிரித்துக் கட்டிய நூல் கொத்தோ போடுங்கள். மீன் போட்டு முடிந்ததும் கொத்தை அப்படியே வேறு தொட்டிக்கு மாற்றலாம்.